கதவு வரைக்கும் வந்த நடை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் கண்ணுகளே. குளிர்கிறவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். ஓர் ஊரையே உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்ட ஒருத்தியின் கதையை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அவள் மேடை ஏறியவள் இல்லை, கொடி பிடித்தவளும் இல்லை. ஆனாலும் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஜனங்கள் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்கள். திறந்து பார்த்தால் வாசலில் ஒருவரும் இல்லை. கதை முடிகிறபோது உங்களில் யாராவது வாசல் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் என்னை ஏனென்று கேளுங்கள்.

அவளுக்கு வேலை ரேடியோ நிலையத்தில். நாடகங்களுக்கு ஓசை போடுகிற வேலை. அப்போதெல்லாம் நாடகத்தை முன்கூட்டிப் பதிந்து வைக்கிற வழக்கம் கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் எரிந்ததுதான். தும்மினால் ஊருக்கே கேட்கும். நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்று பேசுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து அறையில் வாத்தியக்காரர்கள். இந்தப் பக்கம் மூலையில், ஒரு நீள மேசைக்குப் பின்னால் இவள்.

மழை வேண்டுமென்றால் காய்ந்த பட்டாணியைத் தோல் கட்டிய ஒரு வளையத்தின் மேல் உருட்டுவாள். தீ என்றால் மிட்டாய்க் காகிதத்தைக் காதோரம் கசக்குவாள். பறவை பறக்க ஒரு ஜோடி பழைய கையுறை. ஆள் நடக்க மணல் தட்டு, கல் பலகை, நாலு படி வைத்த மரப்பெட்டி. அறையின் நடுவில் ஒரு கதவு நின்றது. சுவர் கிடையாது, வீடு கிடையாது. நிலையும் தாழ்ப்பாளும் கீலும் வைத்த வெறும் கதவு. திறந்தால் இந்தப் பக்கமும் அதே அறைதான், அந்தப் பக்கமும் அதே அறைதான். நாடகத்தில் வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் வந்தார்கள், போனார்கள்.

எலும்பு முறிகிற சத்தத்துக்குக் கேரட். அதனால் கொலை நாடகம் நடந்த மறுநாள் அவள் வீட்டில் கேரட் சூப்தான். மாமியார் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாரைக் கொன்னீங்க?" என்று கேட்பாள். யாரென்று சொன்னால்தான் கரண்டியை எடுப்பாள். நல்லவனைக் கொன்றிருந்தால் அன்றைக்குச் சூப்பில் உப்பு இல்லை என்பாள்.

அந்த மேசையில் கிடந்த சாமான்களைப் பார்த்து வாத்தியக்காரர்கள் அவளுக்குத் தட்டுமுட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். "தட்டுமுட்டு வந்தாச்சா, தட்டுமுட்டு சாப்பிட்டாச்சா" என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. அவள் புருஷனும் அந்த வாத்தியக்காரர்களில் ஒருவன்தான். கிளாரினெட் வாசிப்பவன். எல்லாரும் குழல்காரர் என்று கூப்பிட்டார்கள். நாடகத்தில் யாராவது அழுதால் உடனே அவன் குழலும் சேர்ந்து அழ வேண்டும். அது அந்த நிலையத்தின் எழுதாத சட்டம். அவன் அழவைத்தால் ஊர் அழும். குழல் கேட்டதும் கைக்குட்டையைத் தேடுகிற பெண்கள் எத்தனையோ பேர்.

நாடகம் முடிந்ததும் இவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவனுக்கு அதற்குப் பிறகும் பாட்டுக் கச்சேரி இருக்கும். அடுப்படியில் ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தெருக்கல்லில் கேட்கும், பிறகு மரப்படியில். படி வளைகிற இடத்தில் அவன் குழல் பெட்டி, படியின் கைப்பிடியில் ஒரு இடி இடிக்கும். கதவுக்கு வெளியே வந்ததும் நடை நின்றுவிடும். பெட்டியைக் கீழே வைப்பான். அப்புறம் ஒன்றுமே இருக்காது, ஒரு நீள மூச்சு விடுகிற நேரம். பிறகு விரல் முட்டியால் கதவைத் தட்டுவான். அந்த இடைவெளியில் அவன் என்னதான் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. கேட்டால் அது நின்றுபோகுமோ என்று ஒரு பயம்.

சரி, வினை எங்கே வந்தது, அதைச் சொல்கிறேன்.

ஒரு நாடகம். மகனைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு ஒரு தாய் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். வந்து ஓவென்று அழ வேண்டும். அந்த நிலையத்தில் அழுவதற்கென்றே ஒரு நடிகை இருந்தாள். சிரித்த முகமும் உருண்டை உடம்புமாக இருப்பாள். ஆனால் மைக் முன்னால் நின்றுவிட்டால் கல்லும் கரையும். அவளுக்கு அழுகுணி என்று பேர். அழுகுணி மூச்சை இழுக்க வேண்டியது, நாடகத்தை நடத்துகிறவர் பென்சிலை உயர்த்தி இறக்க வேண்டியது, குழல் எழ வேண்டியது. அந்த மனிதர் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார், அதை ஆட்டித்தான் எல்லாரையும் நடத்துவார். அவருக்கும் பேர் பென்சில்தான். நேரே கூப்பிடும்போது மட்டும் ஐயா.

அந்த இடத்தில் தட்டுமுட்டுக்கு வேலை இல்லை. கை கட்டி நிற்க வேண்டிய இடம். அவள் கைதான் கேட்கவில்லை. மேசையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து வைத்தது. பக்கத்தில், போன மகனுக்கு வைக்கிற மாதிரி, இன்னொரு தம்ளரை வைத்தது. கொஞ்சம் பொறுத்து, அந்த இரண்டாவது தம்ளரைச் சத்தம் வராமல் எடுக்கப் பார்த்தது. தகரம் மரத்தை விட்டுப் பிரியும்போது ஒரு சின்னச் சத்தம் வருமே, அது வந்தது.

அவ்வளவுதான். அழுகுணி அழ மறந்தாள். பென்சில் அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழல்காரன் உதட்டில் குழலை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் பார்த்தபடி நின்றான். பென்சில் இறங்கவே இல்லை. நாடகம் அப்படியே, அந்த அமைதியிலேயே முடிந்துபோனது.

மறுநாள் ஊரெல்லாம் இதே பேச்சு. ரொட்டிக் கடையில், துணி துவைக்கிற இடத்தில், டிராம் வண்டியில் எல்லாம், "ரெண்டாவது தம்ளரை எடுத்தாளே, கேட்டியா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். பென்சிலுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாடகத்தில் இங்கே கொஞ்சம் இசையை வெட்டினார், அதற்கடுத்ததில் அங்கே கொஞ்சம். வாத்தியக்காரர்கள் சும்மா உட்கார்ந்து நகம் கடித்தார்கள். கடித்த வாய் சும்மா இருக்குமா? உன் பெண்டாட்டி ஒரு தம்ளரை வைத்து உன் வாயை அடைத்துவிட்டாளே என்று குழல்காரனைச் சீண்டினார்கள். பிடில் வாசிக்கிறவர், இனிமேல் வீட்டில் பேசுவதற்காவது அவளிடம் அனுமதி வாங்கிக்கொள் என்றார்.

அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சிரிப்பு வீட்டு வாசல் வரைக்கும் வந்தது, உள்ளே வரவில்லை.

ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: "அழுற இடத்துல நான் ஊதறதுதான் அழுகை. இத்தனை வருஷமா ஊரு அதைக் கேட்டுத்தான் அழுதுச்சு. திடீர்னு அது உனக்குப் பிடிக்கலியா?"

"பிடிக்கலைன்னு யாருங்க சொன்னா? அந்தம்மா அழலையே. அழ முடியாம நிக்கிறா. அதுக்கு மேல குழல் எதுக்கு?"

"குழல் எதுக்குன்னு கேக்குற."

"அந்த இடத்துல எதுக்குன்னு கேட்டேன்."

"அப்போ நான் எதுக்கு?"

என் கண்ணுகளே, சில கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டும். சரியான பதிலைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது, ஏதாவது சொல்லிவிட வேண்டும். அவள் தேடிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு தம்ளர் இருந்தது. நிற்கிற நேரத்தில் அதை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் அந்தக் கேள்விக்குப் பதில் மாதிரி விழுந்துவிட்டது. அவன் எழுந்தான், பெட்டியை எடுத்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

போனவன் வரவில்லை. நிலையத்துக்கு வருவான், வாசிப்பான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரும்பாமலே போய்விடுவான். இவள் ஒருநாள் பாலத்தைத் தாண்டி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் வாசலில் வந்து நின்று, இப்போது கூப்பிட்டால் வரமாட்டான், ரோஷக்காரன், நீயும் பேசத் தெரியாதவள், நான் என்ன செய்யட்டும் என்றாள். உள்ளே பெட்டியின் கொக்கி கழற்றுகிற சத்தம் கேட்டது. இங்கேயேதான் இருக்கப்போகிறேன் என்று சொல்கிற சத்தம். அவளுக்கா தெரியாது?

வீட்டில் மாமியார் இரண்டு பேரையும் விட்டுவைக்கவில்லை. "அவனுக்கு ரோஷம் மூக்கு மேல. உனக்குக் கை மேல. நடுவுல நான் எதுக்கு வயசாகிக்கிட்டு இருக்கேன்?" என்பாள். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்வது போய், கேட்டுத் தெரிந்துகொள்கிற காலம். தினம் சாயங்காலம் மகனுடைய தட்டை மேசையில் கவிழ்த்து வைப்பாள். படுக்கப் போகும்போது தடவிப் பார்த்து எடுத்து வைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அழுகுணிக்குத் தொண்டை கட்டியது. காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை. அந்த வாரத்து நாடகத்தில் முதலிலிருந்து கடைசி வரைக்கும் அழுகை. அவள் இல்லாமல் நடத்த முடியாது. பென்சில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தட்டுமுட்டு போய் அவர் முன்னால் நின்றாள். அந்த நேரத்தை எனக்குக் கொடுங்கள் என்றாள். பேச்சு வேண்டாம், இசையும் வேண்டாம், மேசை மட்டும் போதும்.

பென்சில் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, பேச்சும் இல்ல, பாட்டும் இல்லன்னா அதுக்குப் பேரு நாடகம் இல்லம்மா. ரேடியோ ரிப்பேர்."

"ஒரு வீடுங்கய்யா. சாயங்காலம். ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா."

"கதை?"

"அவன் வருவானா மாட்டானாங்கிறதுதான் கதை."

எந்த வீடு, எந்த ஒருத்தி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நிலையத்தில் பியூனிலிருந்து எல்லாருக்கும் தெரியும். மேலே இருக்கிறவர்கள் கேட்டால் உன்னைத்தான் கைகாட்டுவேன், உன் மேசையைத் தூக்கி வெளியே போட்டால் என்னிடம் வந்து நிற்கக் கூடாது என்றார். சரி என்றாள். வேலை போனாலும் போகட்டும் என்கிற துணிச்சல் இல்லை அது. வேறு எந்த விதமாகவும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வாயால் சொல்லி அவனைக் கூப்பிட்டிருக்க முடியுமானால் அன்றைக்கே கூப்பிட்டிருப்பாளே. ரேடியோவில் வந்தால் அவன் காதில் விழும். அக்கா வீட்டில் ரேடியோ அடுப்பு மாதிரி, காலையில் மூட்டினால் படுக்கிற வரைக்கும் அணையாது.

எல்லா ஓசையும் அவளுக்குக் கை வந்தது, அவன் நடை மட்டும் வரவில்லை. வீட்டில் கிடந்த அவனுடைய பழைய செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு, வெளிப்படியில் மண்டியிட்டு நடந்து பார்த்தாள். மாமியார் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள்.

"இது தபால்காரன்."

இன்னும் அழுத்தி நடந்தாள்.

"இது கீழ் வீட்டு ஆளு, குடிச்சிருக்கான்."

வேகத்தைக் குறைத்து, இடது காலை லேசாக இழுத்துப் பார்த்தாள். மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "இது அவங்கப்பன்டி. போய்ச் சேர்ந்த மனுஷனை எதுக்கு மாடி ஏத்துற? பாவம், முட்டி வலிக்கும்," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் நிலையத்தில் அழுகுணியும் கூட இருந்தாள். குரல்தானே இல்லை, கை இருக்கிறதே என்று உதவிக்கு வந்திருந்தாள். செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, உள்ளே துணி திணித்து, மரப்பெட்டிப் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். நடப்பது பெண் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. உருளைக்கிழங்கு மூட்டையைச் சுமந்துகொண்டும் நடந்து பார்த்தாள், மூட்டை நடந்தது. கடைசியில் களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் காலையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். அவன் நடையில் பாதி அவன் கையில் அல்லவா இருக்கிறது! வாத்திய அறையிலிருந்து ஒரு காலிப் பெட்டியை எடுத்து வந்து இடது கையில் பிடித்தாள். தோள் சரிந்தது. தோள் சரிந்ததும் இடுப்பு தானாகத் திரும்பியது, கால் தானாக இழுத்தது. படி ஏறி, கைப்பிடியில் பெட்டியை ஒரு இடி இடித்தாள். அழுகுணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் இல்லாத தொண்டையிலிருந்து காற்றாக ஒரு பேச்சு வந்தது: "அக்கா, அண்ணன் வந்துட்டாரு."

அந்தச் சாயங்காலம் வாத்தியக்காரர்களுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வட்டமாகக் காலி நாற்காலிகள், நடுவில் பென்சில் மட்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம். கத்தி உருளைக்கிழங்கின் தோலைச் சீவுகிற சத்தம், சீவிய கிழங்கு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தம். ரேடியோவைத் திருகி ரிப்பேரா என்று பார்த்தவர்கள் கையை எடுத்தார்கள். ஜன்னல் ஒன்று திறந்தது. வெளியே சைக்கிள் ஒன்று போனது. நாற்காலி இழுபட்டது, ஒருத்தி உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பட்டாணி மழை மெல்லப் பிடித்தது. ஜன்னலைப் பாதி சாத்தினாள். முழுதும் சாத்தவில்லை, தெரு கேட்க வேண்டுமே. மேசையில் ஒரு தம்ளர் வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது, இப்போது எடுப்பாள் என்று. எடுக்கவில்லை. இரண்டும் இருந்தன.

அப்போது வெகு தூரத்தில் ஒரு நடை கேட்டது.

மழையை அழுகுணி கையில் கொடுத்துவிட்டு இவள் மணல் தட்டில் நடந்தாள், கல்லில் நடந்தாள். நடை பெரிதாகிக்கொண்டே வந்தது. மரப்படி. பெட்டி கைப்பிடியில் இடித்தது. இன்னும் கொஞ்சம் மேலே. அறையின் நடுவில் தனியாக நின்ற அந்தக் கதவின் முன்னால் வந்து நின்றாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

இனித் தட்ட வேண்டும், பிறகு தாழ்ப்பாள், பிறகு கதவு. அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். விரலைக்கூட மடக்கிவிட்டாள்.

ஆனால் மடக்கிய விரல் எழவில்லை. அவள் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மழை உருண்டுகொண்டிருந்தது. அழுகுணி கண்ணை உருட்டினாள், தலையை ஆட்டினாள், தட்டு தட்டு என்று உதட்டை அசைத்தாள். பென்சில் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தினம் தினம் கேட்ட அந்த இடைவெளிக்குள் போய் நின்றுவிட்டாள். எவ்வளவு நேரமோ, யார் கண்டது. சிவப்பு விளக்கு அணைந்துபோனது.

பென்சில் உள்ளே வந்தார். குரல் இறங்கியிருந்தது. "என்னம்மா, தட்டவே இல்லியே."

அவள் விழித்துக்கொண்டவள் போலப் பார்த்தாள். "அவருல்ல தட்டணும், அதுக்காக நின்னுட்டேன்யா."

அவள் நடந்தது நடந்ததுதான், ஆனால் நடந்து வந்தது அவன் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. இத்தனை பேரை ஏமாற்றிய கை கடைசியில் தன்னையே ஏமாற்றிவிட்டது. எல்லாம் கெட்டது, தாழ்ப்பாள் வரைக்கும் வந்து கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவில் இறங்கியவள் அப்படியே நின்றாள். கதவெல்லாம் திறந்து கிடந்தது.

இந்தப் பக்கம் அந்தப் பக்கம், மேல் வீடு கீழ் வீடு எல்லாமே. ஒவ்வொரு வாசலிலிருந்தும் வெளிச்சம் தெருக்கல்லில் நீளமாக விழுந்திருந்தது, வீடுகள் பாய் விரித்துப் போட்ட மாதிரி. வாசலுக்கு வாசல் ஜனங்கள் நின்றார்கள். ஈரக் கையோடு ஒரு பெண். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருத்தர், அவருக்குப் பின்னால் கத்தியோடு முடிவெட்டுகிறவர். இடுப்புப் பிள்ளையோடு ஒருத்தி. எல்லார் முகத்திலும் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட சிரிப்பு. ஒரு கிழவர் எதிர்வீட்டுக்காரரிடம், "எங்க வீட்டுக்குத்தான் வந்த மாதிரி இருந்துச்சு," என்றார். எதிர்வீட்டுக்காரர், "எங்க வீட்டுக்கு வந்தவரை நீங்க எப்படி உங்க வீட்டுக்குன்னு சொல்றீங்க?" என்றார். ஒருவரும் உள்ளே போகவில்லை. கதவைச் சாத்தவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்த வெளிச்சங்களின் மேல் கால் வைத்து அவள் நடந்து வந்தாள். ஒருத்தருக்கும் அவளைத் தெரியாது. நிஜமான மழை தூறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் பட்டாணி வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது. மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் தட்டு நிமிர்ந்திருந்தது.

"எங்கடி அவன்? வந்தானே. பெட்டியை வெச்சானே. தட்டுவான் தட்டுவான்னு பார்த்தேன். தட்டல. நானே திறந்துட்டேன்."

"அது ரேடியோ அத்தை. நான்தான்."

மாமியார் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நீ நடந்தியா," என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. "சரி, வந்து உக்காரு. கதவைச் சாத்தாதே. திறந்தது திறந்தபடியே கிடக்கட்டும்."

இருவரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அடுப்பில் ஏதோ கொதித்தது. யாரும் போய் இறக்கவில்லை. கொஞ்சம் கழித்துக் கீழே தெருவில் நடை ஒன்று கேட்டது. மாமியார் கழுத்தை நிமிர்த்தினாள். இவள் தலையைச் சாய்த்துத் தொழில்காரக் காதால் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அது அவர் இல்ல அத்தை. ரெண்டு ரெண்டு படியா ஏறுறாங்க, பாருங்க. வளைவுல இடியே விழலை. செருப்பும் வேற செருப்பு. மேல் வீட்டு ஆளா இருக்கும்."

"நீ கேட்டது போதும்டி," என்றாள் மாமியார், வாசல் வெளிச்சத்தில் நிழலாடியதைப் பார்த்துவிட்டு. "கண்ணைத் திறந்து பாரு."

வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். நனைந்து, மூச்சு வாங்க, அக்கா புருஷனுடைய பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு. கையில் பெட்டி இல்லை. வெறும் கை.

கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் அவன் நிலைக்கு வெளியே நின்றான். வழக்கம்போல.

அவன்தான் முதலில் பேசினான். "அக்கா கதவைத் திறந்து பார்த்துட்டு உள்ள வந்துச்சு. வந்து என்னைப் பார்த்துட்டு, நீ இங்க உக்காந்திருக்க, அங்க வீட்டுக்குப் போறது யாருடான்னு கேட்டுச்சு."

அவளுக்கு ஆயிரம் சொல்ல இருந்தது. இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததுதான் வாயில் வந்தது. "தட்டுறதுக்கு முன்னாடி இங்க நின்னு தினமும் என்னங்க பண்ணுவீங்க?"

"உன்னைக் கேப்பேன்," என்றான்.

மாமியார் எழுந்து, கொதிக்கிறதை இறக்கப் போகிறவள் போல அடுப்படிக்குப் போனாள்.

"நீ பாத்திரத்தை எப்படி வெக்கிறேன்னு கேப்பேன். டக்குனு வெச்சா இன்னிக்கு யார்கிட்டயோ பேச்சு வாங்கியிருக்கேன்னு அர்த்தம். மெதுவா வெச்சா மனசு நல்லா இருக்கு. நான் வர நேரமாச்சுன்னா எனக்கு ஒரு தம்ளரை எடுத்து வெச்சுட்டு, ஊத்தினது ஆறிடும்னு திரும்ப எடுப்ப. அந்தச் சத்தம் கேட்டாதான் நான் தட்டுவேன். அது எனக்கு மட்டும் கேக்குறதுன்னு இருந்தேன். அன்னிக்கு மைக் முன்னாடி அதை எடுத்து ஊருக்கே குடுத்துட்ட. அவங்க என் குழலைச் சொல்லிச் சீண்டினாங்க. நானும் என் கோவம் அதுக்குத்தான்னு நெனச்சேன். அது இல்ல."

அவள் எழுந்து மேசைக்குப் போனாள். ஒரு தம்ளரை எடுத்து வைத்தாள். பக்கத்தில் இன்னொன்றை வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் விரலை மடக்கித் திறந்திருந்த கதவை மெல்லத் தட்டினான். உள்ளே வந்தான்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் என்னென்னவோ நடந்தது. பத்திரிகையில் பெரியவர்கள் இது கலையே இல்லை என்று எழுதினார்கள், சிறியவர்கள் இதுதான் கலை என்று தகரத்தைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பேச்சில்லாத நாடகம் எந்தெந்த ஊருக்கோ போயிற்று. அவற்றில் காற்று வீசும்போதெல்லாம் நன்றாகக் காது கொடுத்துக் கேட்டால் தெரியும், அது குழல்காரனுடைய குழலுக்குள் போகிற மூச்சு. சுரம் இல்லாத வெறும் மூச்சு. அவள் கேட்டாள், அவன் ஊதினான். தட்டுமுட்டு என்கிற பேர் மட்டும் போகவில்லை. கடைசி வரைக்கும் அதுதான் அவள் பேர்.

அவ்வளவுதான், என் தங்கங்களே. எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டுப் படிக்கு வந்து சேர வேண்டிய கால்கள் எல்லாம் வந்து சேரட்டும். வருகிறவர் நடையை உள்ளே ஒரு காது எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். உள்ளே இருக்கிறவர் மனசை வாசலில் ஒரு காது கேட்கட்டும். உங்கள் மேசையில் வைத்த தம்ளர் எதுவும் திரும்ப எடுக்கப்படாமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.